வந்தவர்கள் 47 லட்சம். பதிவானவர்கள் 6 பேர்!

2013-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி, அமெரிக்க அரசாங்கம் ஒரு புதிய இணைய தளத்தைத் திறந்தது. அதன் பெயர் "ஹெல்த்கேர் டாட் கவ்".

மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் அந்தத் தளத்துக்குப் போகலாம். பல கம்பெனிகளின் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிடித்ததை வீட்டில் இருந்தபடியே எடுத்துக்கொள்ளலாம். ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அரசாங்கம் பண உதவியும் செய்யும்.

முதல் 24 மணி நேரத்தில் 47 லட்சம் பேர் அந்தத் தளத்துக்கு வந்ததாக அரசாங்கம் அறிவித்தது.

அவர்களில் எத்தனை பேர் இன்சூரன்ஸ் எடுத்து முடித்தார்கள்?

ஆறே ஆறு பேர்!

இரண்டாம் நாள் முடிவில் அந்த எண்ணிக்கை 248 ஆயிற்று. அதிகாரிகளின் கூட்டக் குறிப்புகளில் இந்தக் கணக்கு இருந்தது. அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டி ஒன்று அந்தக் குறிப்புகளைப் பின்னர் வெளியிட்டபோது நாடே வியந்தது.

பணம் இல்லாத நாடா அமெரிக்கா? இல்லை. கம்ப்யூட்டர் தெரியாத நாடா? அதுவும் இல்லை. பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

கதவைத் திறப்பதற்கு முன்பு, "இந்தக் கதவு எத்தனை பேரைத் தாங்கும்?" என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை. சோதித்துப் பார்த்த கொஞ்ச நஞ்சத்தையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காத்திருந்தவர்கள் யார்?

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு மிக அதிகம். இன்சூரன்ஸ் இல்லாதவர் ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால், சேர்த்து வைத்த பணம் முழுவதும் கரைந்து போகலாம். 2012-ம் ஆண்டில் அங்கே சுமார் 4 கோடியே 80 லட்சம் பேருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் இல்லை.

இவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. ஜனாதிபதி ஒபாமா 2010-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அதில் கையெழுத்துப் போட்டார். சில மாநிலங்கள் தாங்களே சொந்தமாகத் தளம் நடத்தின. மற்ற 36 மாநிலங்களின் மக்களுக்கு "ஹெல்த்கேர் டாட் கவ்"தான் வாசல்.

2014-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதியில் இருந்து பாதுகாப்பு வேண்டுமானால், அதற்கு முந்திய டிசம்பர் மாதத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும், கர்ப்பிணிப் பெண்ணுக்கும், ஆபரேஷனுக்குக் காத்திருந்தவருக்கும் அந்த வாசலில் கழியும் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

பந்திக் கணக்கு

இணைய தளம் என்பது காற்றில் மிதப்பது அல்ல. எங்கோ ஒரு கட்டிடத்தில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. நாம் கேட்கும் ஒவ்வொன்றையும் அவை தேடி எடுத்து அனுப்புகின்றன. ஒரு கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் இவ்வளவு வேலைதான் செய்யும் என்று ஓர் அளவு உண்டு.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் வருவார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. ஆயிரம் பேரும் ஒரே பந்தியில் உட்காருவார்களா, ஐந்து பந்தியாக வருவார்களா? ஒரு பந்தி முடிய எவ்வளவு நேரம்? இது தெரிந்தால்தான் எத்தனை இலை, எத்தனை பரிமாறும் ஆள் என்று சொல்ல முடியும்.

கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குத்தான்.

ஒரு தளத்துக்கு நிமிடத்துக்கு 600 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 10 நிமிடம் இருக்கிறார்கள். அப்படியானால் எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் உள்ளே 6 ஆயிரம் பேர் இருப்பார்கள். 600-ஐ 10-ஆல் பெருக்கினால் 6 ஆயிரம். அவ்வளவுதான்!

இந்த எளிய கணக்கு எல்லா வரிசைகளுக்கும் பொருந்தும் என்று 1961-ம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிரூபித்தார். "லிட்டில் விதி" என்றே அதற்குப் பெயர்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தளம் மெதுவாக வேலை செய்தால் என்ன ஆகும்? 10 நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு 30 நிமிடம் பிடிக்கும். உடனே உள்ளே இருப்பவர்கள் 18 ஆயிரம் பேர் ஆகிவிடுவார்கள். வருகிற கூட்டம் அதேதான். ஆனால் நெரிசல் மூன்று மடங்கு! நெரிசல் கூடினால் தளம் இன்னும் மெதுவாகும். மெதுவானால் நெரிசல் இன்னும் கூடும். பொறுமை இழந்தவர்கள் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவார்கள். அதுவும் ஒரு புது வேலையாகப் போய்ச் சேரும். கடைசியில் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

போலி ஆட்கள்!

இந்த விபத்தை முன்கூட்டியே தடுக்க ஒரு வழி உண்டு. அதற்குப் பெயர் சுமைச் சோதனை.

புதிய பாலம் கட்டியதும் பாரம் ஏற்றிய வண்டிகளை அதன் மேல் நிறுத்திப் பார்க்கிறார்கள் அல்லவா? அதைப் போன்றதுதான் இது. ஆனால் லட்சம் பேரைக் கூப்பிட்டு, "எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்குங்கள்" என்று சொல்ல முடியாது. அதனால் என்ஜினீயர்கள் போலி ஆட்களை உண்டாக்குகிறார்கள்.

போலி ஆள் என்பது ஒரு புரோகிராம். அது மனிதரைப் போலவே தளத்துக்குள் வரும். பெயர் கொடுக்கும். படிவம் நிரப்பும். சற்று யோசிப்பது போல நிற்கும். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போகும். இப்படி ஆயிரக்கணக்கான போலி ஆட்களை ஒரே நேரத்தில் ஏவி விடலாம்.

இந்தச் சோதனையில் முக்கியமாக நான்கு வகை உண்டு.

முதலாவது, எதிர்பார்க்கும் கூட்டத்தை அனுப்பிப் பார்ப்பது. வழக்கமான நாளில் தளம் ஒழுங்காக நடக்குமா என்று இதில் தெரியும்.

இரண்டாவது, கூட்டத்தை மேலும் மேலும் ஏற்றி, தளம் உடையும் வரை போவது. "எங்கே உடையும்? எப்படி உடையும்?" என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வீதியில் உடைந்தால் மானம் போகும்.

மூன்றாவது, திடீரென்று கூட்டத்தைக் கொட்டிப் பார்ப்பது. கோயில் நடை திறந்ததும் மொத்தக் கூட்டமும் உள்ளே பாய்வது போன்ற நிலை இது.

நான்காவது, பல மணி நேரம், பல நாட்கள் விடாமல் ஓட்டிப் பார்ப்பது. சில கோளாறுகள் முதல் மணி நேரத்தில் தெரியாது. ஓட்டைக் குடத்தில் நீர் குறைவது போல, கம்ப்யூட்டரின் நினைவிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே வரும். மூன்றாம் நாள் நள்ளிரவில் நின்றுபோகும்.

சராசரி ஏமாற்றும்!

சோதனை என்றால் சும்மா ஓட்டிப் பார்ப்பது அல்ல. முதலிலேயே திட்டம் போட வேண்டும். திட்டத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள்? அவர்கள் என்ன செய்வார்கள்? எவ்வளவு நேரம் காத்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்? சோதனையில் தோற்றால் சரி செய்ய எத்தனை நாள் இருக்கிறது?

மூன்றாவது கேள்வியில் பலர் தவறு செய்கிறார்கள். "சராசரியாக 4 விநாடியில் பக்கம் திறக்கிறது" என்று அறிக்கை வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேரில் 95 பேருக்கு 1 விநாடியில் திறக்கிறது. 5 பேர் ஒரு நிமிடம் காத்துக் கிடக்கிறார்கள். சராசரி எடுத்தால் சுமார் 4 விநாடி வரும். உண்மையில் 4 விநாடி காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை! அந்த 5 பேர் பட்ட பாடு சராசரிக்குள் மறைந்துவிட்டது.

அதனால் நல்ல என்ஜினீயர்கள் சராசரியை நம்புவது இல்லை. "100-ல் 95 பேருக்கு எத்தனை விநாடிக்குள் கிடைத்தது? 99 பேருக்கு எத்தனை விநாடிக்குள் கிடைத்தது?" என்றுதான் கேட்பார்கள்.

நான்காவது கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அமெரிக்காவில் கோட்டை விட்டது அதில்தான்.

எச்சரிக்கை வந்தது, தேதி மாறவில்லை

2013-ம் ஆண்டு வசந்த காலத்திலேயே ஓர் ஆலோசனைக் கம்பெனி அதிகாரிகளை எச்சரித்தது. "முழுத் தளத்தையும் ஒரு முனையில் இருந்து மறு முனை வரை சோதிக்கப் போதுமான காலம் இல்லை, முதல் நாளிலேயே முழுக் கூட்டத்தையும் உள்ளே விடுவது ஆபத்து" என்பது அதன் கருத்து.

ஏன் முழுத் தளத்தையும் சோதிக்க வேண்டும்? அந்தத் தளம் ஒரே கம்பெனி கட்டியது அல்ல. பல கம்பெனிகள் பகுதி பகுதியாகக் கட்டின. ஒரு பகுதி பெயரைப் பதிவு செய்யும். இன்னொரு பகுதி வருமான விவரத்தை வேறு அரசாங்க இலாகாக்களிடம் கேட்டு வாங்கும். மற்றொரு பகுதி இன்சூரன்ஸ் திட்டங்களைக் காட்டும். ஒவ்வொரு சக்கரமும் தனியாகச் சுற்றலாம். வண்டியில் பூட்டிய பிறகு ஓடுகிறதா என்பதே கேள்வி.

அந்த முழுச் சோதனை, திறப்பு விழாவுக்கு முந்திய இரண்டு வாரங்களில்தான் நடந்தது. அக்டோபர் 24-ந் தேதி பாராளுமன்றக் கமிட்டி முன்பு கம்பெனி அதிகாரிகள் இதை ஒப்புக்கொண்டார்கள். பல மாதங்கள் சோதித்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

திறப்பதற்குச் சில நாள் முன்பு நடந்த ஒரு சோதனையில் சில நூறு போலி ஆட்களை மட்டுமே அனுப்பினார்கள். தளம் விழுந்துவிட்டது! "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகை இதை வெளியிட்டது.

சில நூறு பேருக்கே விழுந்த தளத்தை, லட்சக்கணக்கான பேருக்கு எப்படித் திறந்தார்கள்?

தேதி முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. சட்டத்தை எதிர்த்தவர்கள் அதைத் தள்ளிப் போட வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையில் பட்ஜெட் நிறைவேறாமல், அதே அக்டோபர் 1-ந் தேதி அரசாங்க அலுவலகங்கள் பலவற்றை மூட வேண்டியதாயிற்று. அந்த நிலையில் "தளம் தயாராகவில்லை" என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

எங்கே நெரிசல்?

ஒரே நேரத்தில் 50 ஆயிரம் முதல் 60 ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்ததாகவும், இரண்டரை லட்சம் பேர் வந்துவிட்டார்கள் என்றும் அரசாங்கத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி டாட் பார்க் தெரிவித்தார்.

கூட்டம் அதிகம்தான். ஆனால் கூட்டம் மட்டுமே காரணம் அல்ல. நள்ளிரவில் தளம் திறந்த சற்று நேரத்தில், சுமார் 2 ஆயிரம் பேர் முதல் படியில் கால் வைத்ததுமே அது பூட்டிக்கொண்டது என்று அதே பத்திரிகை எழுதியது.

அந்த முதல் படி என்ன? பெயரைப் பதிவு செய்து கணக்குத் தொடங்குவது.

கடைக்குப் போகிறவர் முதலில் சாமான்களைப் பார்ப்பார். விலை கேட்பார். பிடித்தால் வாங்குவார். பாதிப் பேர் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். தளத்தையும் அப்படி நடத்தத்தான் முதலில் எண்ணி இருந்தார்கள். கடைசி நேரத்தில் அது மாறியது. "கணக்குத் தொடங்கினால்தான் திட்டங்களைப் பார்க்கலாம்" என்று ஆயிற்று. வேடிக்கை பார்க்க வந்தவரும், வாங்க வந்தவரும் ஒரே சின்ன வாசலில் முட்டிக்கொண்டார்கள். இந்தக் கடைசி நேர மாற்றம் நெரிசலை அதிகமாக்கி இருக்கலாம் என்று கம்பெனி அதிகாரி ஒருவர் கமிட்டியில் சொன்னார்.

வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்ற இரண்டாவது கேள்வியும் இப்படித் தோற்றது. வழியை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். புதிதாகச் சோதிக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை.

நவம்பர் 2-ந் தேதி வரை, அந்தத் தளத்தின் மூலம் திட்டம் எடுத்தவர்கள் 26,794 பேர் மட்டுமே. நவம்பர் 14-ந் தேதி, நிருபர்கள் கூட்டத்தில் ஜனாதிபதி ஒபாமாவே தவறை ஒப்புக்கொண்டார்.

வைத்தியம் நடந்தது

அக்டோபர் மாதமே சிகிச்சை தொடங்கியது. ஜெப்ரி சயண்ட்ஸ் என்ற நிர்வாகியிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நவம்பர் மாத முடிவுக்குள் பெரும்பாலோருக்குத் தளம் வேலை செய்யும் என்று அவர் வாக்குக் கொடுத்தார். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்து என்ஜினீயர்கள் வந்தார்கள். மைக்கி டிக்கர்சன் என்பவர் கூகுள் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்தார்.

வந்தவர்கள் முதலில் கண்டது என்ன? நோயாளிக்கு ஜுரம் எவ்வளவு என்று பார்க்கத் தெர்மாமீட்டர்கூட இல்லை! எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், எந்தப் பக்கம் மெதுவாக இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டும் ஏற்பாடு அங்கே கிடையாது. முதலில் அதைச் செய்தார்கள்.

தினமும் 2 முறை கூடிப் பேசினார்கள். "இந்த அறை பிரச்சினையைத் தீர்ப்பதற்கு, பழி போட வேறு இடங்கள் உண்டு" என்பது டிக்கர்சன் போட்ட முதல் விதியின் சாரம். கோளாறுகளை வரிசைப்படுத்தி, பெரிதை முதலில் தீர்த்தார்கள். அடிக்கடி கேட்கப்படும் விவரங்களைக் கைக்கு எட்டும் இடத்தில் எடுத்து வைத்தார்கள். புதிய கம்ப்யூட்டர்களைச் சேர்த்தார்கள். கூட்டம் அதிகமானால், மிச்சம் பேரை வரிசையில் நிறுத்தி, "பிறகு வாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் செய்தார்கள்.

டிசம்பர் 1-ந் தேதி அரசாங்கம் கணக்குக் காட்டியது. 400-க்கும் மேற்பட்ட கோளாறுகள் தீர்ந்தன. ஒரு பக்கம் திறக்க முன்பு 8 விநாடி ஆயிற்று. இப்போது 1 விநாடிக்கும் குறைவு. முன்பு 100-க்கு 6 முறை பிழை வந்தது. இப்போது 100-க்கு ஒரு முறைக்கும் குறைவு. நவம்பர் தொடக்கத்தில் பாதி நேரம்கூட ஒழுங்காக ஓடாத தளம், இப்போது 100-க்கு 90 பங்குக்கு மேல் ஓடியது. ஒரே நேரத்தில் 50 ஆயிரம் பேரைத் தாங்கும் என்று அறிவித்தார்கள்.

கடைசித் தேதியான 2014-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி, ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அன்றும் சில தடங்கல்கள் நேர்ந்தன. ஆனாலும் தளம் மீண்டும் எழுந்து நின்றது. முடிவில், மாநிலத் தளங்களையும் சேர்த்து 80 லட்சம் பேர் இன்சூரன்ஸ் எடுத்தார்கள். அவர்களில் 54 லட்சம் பேர் "ஹெல்த்கேர் டாட் கவ்" வழியாக வந்தவர்கள்.

முன்பே செய்திருந்தால்...

இரண்டு மாதங்களில் செய்த வைத்தியம் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்பது, நெரிசல் எங்கே என்று தேடுவது, அதைத் தீர்ப்பது, மறுபடியும் பார்ப்பது. இவ்வளவுதான்! திறப்பதற்கு முன்பு போலி ஆட்களை வைத்துச் செய்திருக்க வேண்டிய வேலையை, திறந்த பிறகு உண்மையான மக்களை வைத்துச் செய்தார்கள்.

போலி ஆளுக்கு நோய் கிடையாது. அவன் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் நஷ்டம் இல்லை. உண்மையான ஆள் அப்படி அல்ல. அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நோயாளிக் குழந்தை இருக்கும். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்று ரெயில் டிக்கெட், பரீட்சை முடிவு, பாங்கிப் பணம் எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கின்றன. இந்த வேலைகளுக்குத் தளம் கட்டுகிறவர்கள், சோதனைக்கு ஒரு நாள் குறித்தால் போதாது. சோதனையில் தோற்றால் திறப்பு விழாவைத் தள்ளிப் போடும் துணிவும் வேண்டும். அந்தத் துணிவு இல்லாவிட்டால் சோதனை நடந்தும் பயன் இல்லை.